தசையும் சீனியும் உழைப்பும்: நீரிழிவு பற்றிய அறிவின் சமூக வரலாறு குறித்துச் சில கருத்துக்கள்

நோய்களுக்கு வரலாறு உண்டு. நோய்கள் பற்றிய அறிவுக்கும் வரலாறு உண்டு. இவ்விரண்டும் ஒன்றல்ல, எனினும் ஒன்றைவிட்டு ஒன்று முற்றாக விலகி நிற்பனவுமல்ல. ஒரு சமூகம் மனித உடலை எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்பது, அச்சமூகம் அவ்வுடலை எவ்வாறு உழைப்பில் ஈடுபடுத்துகிறது என்பதனோடு நெருங்கிய தொடர்புடையது. இலக்கியத்தையும் கருத்துநிலைகளையும் சமூக அடித்தளத்தோடு பொருத்தி நோக்கும் ஆய்வுமுறை நம்மிடையே ஓரளவு வேரூன்றியுள்ளது. அம்முறையினை விஞ்ஞானக் கருத்துக்களின் வரலாற்றுக்கும் விரித்துப் பார்த்தல் பயனுடையதாகும். அத்தகையதொரு முயற்சியாக, குருதியிலுள்ள சீனியின் அளவைச் சீர்செய்வதில் தசைகள் வகிக்கும் பங்கு எவ்வாறு அறியப்பட்டது, எவ்வாறு பின்தள்ளப்பட்டது, எவ்வாறு மீண்டும் நிறுவப்பட்டது என்பதனையும், அவ்வறிவின் ஒளியிற் கொழும்பு நகர வாழ்க்கையில் ஏற்பட்ட மாற்றங்களையும் இக்கட்டுரை நோக்குகின்றது.

1. பெயர்களும் பார்வைகளும்

இலங்கைத் தமிழரிடையே இந்நோய்க்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. ஏட்டு வழக்கில் நீரிழிவு; வைத்திய நூல் வழக்கில் மதுமேகம்; யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிற் சலரோகம்; இன்று பொதுவாகச் சீனி வருத்தம். முதல் மூன்றும் நோயைச் சிறுநீரில் வைத்துக் காண்கின்றன. நான்காவது, நோயை உண்ணும் பொருளில், அதாவது நாவில் வைத்துக் காண்கின்றது. நோயின் புலப்பாடு சிறுநீரில் என்பதும், உணவுக்கு அதிற் பங்குண்டு என்பதும் உண்மையே. ஆயினும் உண்ட மாப்பொருள் குளுக்கோசாகிக் குருதியிற் கலந்தபின் எங்கே செல்கின்றது என்ற வினாவுக்கு இப்பெயர்களுள் எதுவும் விடை தருவதில்லை. அவ்வினாவுக்குரிய முதன்மையான விடை தசை என்பதாகும். தசையாவது உழைப்பின் உறுப்பு. எனவே, நோயின் பெயர்களிலிருந்து மறைந்து நிற்பது உழைப்பே எனலாம்.

பண்டைய வைத்தியர்கள் இதனை முற்றாக அறியாதிருந்தனர் என்றும் கூறுவதற்கில்லை. சரக சங்கிதை மேகநோய்களுக்கான காரணங்களை நிரல்படுத்துமிடத்து, இருக்கைச் சுகத்தையும் உறக்கச் சுகத்தையும் தயிர், வெல்லம் முதலான உணவுகளுடன் சேர்த்தே கூறுகின்றது. சுசுருத சங்கிதை கூறும் சிகிச்சை இதனினும் சுவையானது. பொருளற்றவன் செருப்பும் குடையும் இன்றி, பிச்சை ஏற்று உண்டு, ஓர் ஊரில் ஓரிரவுக்கு மேல் தங்காது நூறு யோசனை தூரம் நடக்கவேண்டும் என்று அது விதிக்கின்றது. கிணறு தோண்டுதலும் அங்கு மருந்தாகச் சொல்லப்படுகின்றது. செல்வனுக்கோ உணவு மாற்றமே முதன்மையாக விதிக்கப்படுகின்றது.

இவ்விதிகள் இரண்டு செய்திகளைத் தருகின்றன. முதலாவது, தசையின் தொழிற்பாடு நோயைத் தணிக்கின்றது என்னும் அனுபவ அறிவு அக்காலத்திலேயே திரண்டிருந்தது. இரண்டாவது, அவ்வறிவு வர்க்கப் பாகுபாட்டின் ஊடாகவே வெளிப்பாடு பெற்றது. ஒருவனுக்கு உழைப்பும் அலைச்சலும், இன்னொருவனுக்குப் பத்தியம். உடலுழைப்பைத் தாழ்ந்தோர்க்குரியதாகக் கருதிய சமூகத்தில், அவ்வுழைப்பின் உடற்றொழிலியற் பயன் அனுபவத்தால் உணரப்பட்டபோதும், அது கோட்பாடாக வளர்வதற்கான தேவை எழவில்லை.

2. அனுசேபம் என்னும் கருத்து

அத்தேவை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலே தோன்றியது. நீராவி எந்திரம் உற்பத்தியின் மையத்துக்கு வந்ததும், எரிபொருளுக்கும் வேலைக்குமுள்ள தொடர்பு கணக்கிடப்பட வேண்டிய பொருளாயிற்று. அதே கணக்கு உடலுக்கும் பொருந்துமா என்ற வினா இயல்பாகவே எழுந்தது. சக்திக் காப்புக் கோட்பாட்டை 1847 இல் வெளியிட்ட ஹெல்ம்ஹோல்ட்ஸ், அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், தசை தொழிற்படும்போது அதனுள் நிகழும் பொருட்செலவு பற்றியே ஆராய்ந்திருந்தார் என்பது மனங்கொளத்தக்கது. அவருக்கு முன்னரே அக்கோட்பாட்டை எட்டிய றொபேட் மேயர், 1840 இல் யாவாவுக்குச் சென்ற ஒல்லாந்தக் கப்பலின் வைத்தியர். வெப்பமண்டலத்தில் மாலுமிகளின் நாளக்குருதி வழமையிலும் சிவப்பாக இருந்தமை அவரது சிந்தனையைத் தூண்டிற்று.

நாம் இன்று அனுசேபம் என வழங்கும் கருத்து ஜேர்மன் மொழியிற் பொருட்களின் மாற்றீடு எனப் பொருள்படும் சொல்லால் அக்காலத்திலே குறிக்கப்பட்டது. அச்சொல்லையே உடற்றொழிலியலிலும் இரசாயனத்திலுமிருந்து பெற்று, 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் பாகத்திற் கார்ல் மார்க்ஸ் கையாண்டார். மனிதன் இயற்கையோடு தான் கொள்ளும் பொருள்மாற்றீட்டைத் தன் செயலால் நெறிப்படுத்தும் நிகழ்வே உழைப்பு என அவர் வரையறுத்தார். உழைப்பு எவ்வடிவினதாயினும் அது மனித மூளையினதும் நரம்பினதும் தசையினதும் செலவே என்பதும் அவர் வலியுறுத்திய கருத்தாகும். பொருளாதாரமும் உடற்றொழிலியலும் ஒரு சொல்லைப் பகிர்ந்துகொண்டமை தற்செயலானதன்று. இரண்டுக்கும் முன்னே நின்ற பொருள் ஒன்றே. அது உழைக்கும் உடல்.

குருதியிலுள்ள சீனி பற்றிய நவீன ஆராய்ச்சி பிரான்சில் குளோட் பேர்ணாட் என்பவருடன் தொடங்குகின்றது. ஈரல் தானே சீனியை ஆக்கிக் குருதிக்கு அளிக்கின்றது என அவர் காட்டினார். அதற்கு மூலமான கிளைக்கோசன் என்ற சேமிப்புப் பொருளை 1857 இல் வேறுபிரித்தெடுத்தார். பேர்ணாட்டின் விரிவுரைகளைப் பாரிசிற் கேட்டுத் திரும்பிய அமெரிக்க உடற்றொழிலியலாளர் ஜோன் டால்ற்றன். அவரது உடற்றொழிலியல் நூல், மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழில் நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீனதும் அவர்தம் மாணவர்களதும் முயற்சியால் 'மனுஷ சுகரணம்' என்ற பெயரில் 1883 இல் தமிழில் வெளிவந்தது. ஈழத்துத் தமிழ் உரைநடை வரலாற்றை எழுதுவோர் சமயக் கண்டனங்களுக்கும் நாவலர் வழிப் பதிப்புக்களுக்கும் தரும் இடத்தில் ஒரு சிறுபகுதியையேனும் இந்நூல்களுக்குத் தருதல் தகும். பாரிசில் நிகழ்ந்த ஆராய்ச்சியின் அலை ஒரு தலைமுறைக் காலத்துக்குள் மானிப்பாய் வரை வந்து தமிழிற் பதிந்தமை சிறிய செய்தியன்று.

ஆயினும் பேர்ணாட்டின் கவனம் ஈரலிலேயே நிலைத்திருந்தது. தசையை நோக்கிய திருப்பம் லியோன் நகர மிருக வைத்தியப் பாடசாலையின் மரபிலே வந்த ஒகுஸ்ற் சோவோ என்பவராலும், அவருடன் பணியாற்றிய கௌப்மன் என்பவராலும் ஏற்பட்டது. குதிரையின் மேலுதட்டை உயர்த்தும் தசைக்கும் தாடையின் மெல்லும் தசைக்கும் செல்லும் குருதியையும், அவற்றிலிருந்து வெளிவரும் குருதியையும் தனித்தனியே எடுத்து அவர்கள் ஒப்பிட்டனர். குதிரை ஓய்ந்து நிற்கும்போதும் தீனியை மெல்லும்போதும் அளவிட்டனர். தொழிற்படும் தசையினூடு குருதியோட்டம் பன்மடங்கு பெருகுவதையும், தசை குளுக்கோசை முன்னையிலும் மிகுதியாக உறிஞ்சுவதையும் 1886, 1887 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளிற் காட்டினர். சரகரும் சுசுருதரும் அனுபவத்தால் உணர்ந்தது முதன்முறையாக அளவீட்டினால் நிறுவப்பட்டது. அதற்குப் பயன்பட்ட விலங்கு குதிரையாக இருந்தமையும் நோக்கத்தக்கது. அக்கால ஐரோப்பிய நகரங்களின் பாரமெல்லாம் குதிரையின் தசையிலேயே தங்கியிருந்தது.

3. இன்சுலினின் வெற்றியும் தசையின் மறைவும்

1921 இல் ரொறன்ரோவில் பன்ரிங், பெஸ்ற் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தமையும், 1922 சனவரியில் ஒரு சிறுவனுக்கு அது முதன்முதலிற் செலுத்தப்பட்டமையும் மருத்துவ வரலாற்றின் மாபெரும் வெற்றிகளுள் அடங்கும். சதையி இன்சுலினைச் சுரக்காத நிலையில் இறப்பு ஒன்றே முடிவாக இருந்த சிறுவர்கள் உயிர் பிழைத்தனர். இவ்வெற்றியைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை. இன்றும் அவர்களுக்கு இன்சுலினுக்கு மாற்று நடையோ பத்தியமோ அன்று.

எனினும் இவ்வெற்றி நோய் பற்றிய பார்வையை ஒரு சுரப்பியினுள்ளும் ஒரு மருந்துக் குப்பியினுள்ளும் குறுக்கிற்று. உற்பத்தி செய்து விற்கத்தக்க பொருளாக மருந்து அமைந்தது. தசையின் தொழிற்பாடு அவ்வாறு அமையவில்லை. சந்தையின் இயல்பு இதில் ஓரளவு தொழிற்பட்டது எனக் கொள்வது மிகையாகாது. ஆயினும் ஆய்வாளர் சிலர் தசையை மறக்கவில்லை. தாமே நீரிழிவு நோயாளராக இருந்து இன்சுலினால் உயிர் பிழைத்த இலண்டன் வைத்தியர் றொபின் லோறன்ஸ், உடலை அசைத்து வேலை செய்யும்போது அதே அளவு இன்சுலின் குருதிச் சீனியை மேலும் கூடுதலாக இறக்குகின்றது என 1926 இல் எடுத்துக்காட்டினார். இன்சுலின் ஏற்றுவோர் கடும் உழைப்பின்போது சீனி அளவு அபாயகரமாக இறங்காதிருக்க விழிப்பாயிருத்தல் வேண்டும் என்ற நடைமுறை அறிவும் இவ்வுண்மையிலிருந்தே பிறந்தது.

1929 இல் கார்ல் கோறி, கேட்டி கோறி தம்பதியர் தசைக்கும் ஈரலுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலை விளக்கினர். கடுமையாகத் தொழிற்படும் தசை கிளைக்கோசனை உடைத்து இலற்றிக்கமிலத்தை வெளிவிடுகின்றது. அது குருதிவழி ஈரலை அடைந்து மீண்டும் குளுக்கோசாகித் தசைக்குத் திரும்புகின்றது. இத்தகைய ஆய்வுகளுக்காக அவர்களுக்கு 1947 இல் நோபல் பரிசு கிடைத்தது. 1949 அளவிற் சிக்காகோவில் றக்மியேல் லெவீன், இன்சுலினின் முதன்மையான தொழில் சீனியைக் கலத்தின் மென்சவ்வைக் கடந்து உட்செல்ல விடுவதே எனக் காட்டினார். 1970களின் இறுதியில் றல்ப் டிபுறொன்சோவும் உடனாய்வாளரும் ஒரு புதிய அளவீட்டு முறையை வகுத்தனர். குருதியில் இன்சுலினை உயர்நிலையில் வைத்துக்கொண்டு, சீனி அளவு மாறாதிருக்க எவ்வளவு குளுக்கோசு செலுத்தவேண்டியுள்ளது என்பதைக் கணக்கிடுவதே அம்முறை. அவ்வாறு செலுத்தப்படும் குளுக்கோசில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு தசைகளையே சென்றடைகின்றது என்பது 1980களின் தொடக்கத்திற் புலனாயிற்று. முதிர்ந்த வயதில் வரும் நீரிழிவில், தசை இன்சுலினுக்குச் செவிசாய்க்காமை ஒரு முதன்மைக் கூறு என்பதும் இதனால் தெளிவாயிற்று.

4. குருதிச் சீனியின் கணக்கு

இங்கு சில எண்களை நோக்குதல் விளக்கத்துக்கு உதவும். வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள ஏறத்தாழ 5 லீற்றர் குருதி முழுவதிலும் கரைந்துள்ள குளுக்கோசு ஏறத்தாழ 5 கிராம் மாத்திரமே. ஒரு தேக்கரண்டிச் சீனியின் அளவு. ஒரு வேளைச் சோறோ பாணோ இதனைப் போன்று பத்து மடங்குக்கு மேற்பட்ட குளுக்கோசைச் சில மணித்தியாலங்களிற் குருதியிற் கொட்டுகின்றது. அது குருதியிலேயே தேங்குமாயின் நோய். உரிய இடம் சென்று சேருமாயின் நலம். ஈரலிற் சேமிக்கத்தக்க கிளைக்கோசன் ஏறத்தாழ 100 கிராம். ஆணொருவரின் உடல் நிறையில் நூற்றுக்கு 40 பங்கு அளவான தசைகளிற் சேமிக்கத்தக்கது ஏறத்தாழ 400 கிராம்.

இவ்விரு களஞ்சியங்களும் ஒரே இயல்பின அல்ல. ஈரல் ஊருக்குப் பொதுவான நெற்களஞ்சியம் போன்றது. பட்டினி நேரத்தில் அது தன் இருப்பைக் குளுக்கோசாக்கிக் குருதிக்கு அளிக்கும். தசையோ தன் இருப்பை நேரடியாகக் குருதிக்குத் திருப்பித் தருவதில்லை. அதற்கு வேண்டிய நொதியம் அதனிடம் இல்லை. தசையிற் சேர்ந்த கிளைக்கோசன் தசையின் தொழிற்பாட்டாலேயே செலவாகவேண்டும். செலவாகாத களஞ்சியத்தில் புதிய நெல்லைக் கொட்ட இடமில்லாதது போலவே, தொழிற்படாத தசையில் அடுத்த வேளை உணவின் குளுக்கோசுக்கு இடம் சுருங்குகின்றது.

தசைக்கலத்தின் மென்சவ்வினூடு குளுக்கோசை உட்கொண்டு செல்வது ஒரு காவிப் புரதமாகும். 1980களின் இறுதியில் இனங்காணப்பட்ட இது, குளுக்கோசுக் காவிகளின் வரிசையில் நான்காவது என எண்ணிடப்பட்டது. ஓய்வு நிலையில் இதன் பெரும்பகுதி கலத்தினுள்ளே ஒதுங்கியிருக்கும். இன்சுலின் கலத்தின் வாங்கியிற் பொருந்தும்போது காவிகள் மேற்பரப்புக்கு வருகின்றன. இங்குதான் வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம் அமைகின்றது. தசை சுருங்கும்போதும் இதே காவிகள் மேற்பரப்புக்கு வருகின்றன. அதற்கு இன்சுலின் தேவையில்லை. இன்சுலின் அற்ற நிலையிலும் சுருங்கும் தசை குளுக்கோசை ஏற்கின்றது என்பது 1984 இல் விலங்குத் தசைகளிற் காட்டப்பட்டது. ஒரே வாசலுக்கு இரு திறப்புகள் உள்ளன. ஒன்றைச் சதையி தருகின்றது. மற்றையதை உழைப்புத் தருகின்றது. முதலாவது திறப்பு மழுங்கியவரிடத்தும் இரண்டாவது பெரும்பாலும் தொழிற்படுகின்றது. மேலும், உழைத்த தசை அதன்பின் ஒருநாள் இருநாள் வரை இன்சுலினுக்கு இலகுவிற் செவிசாய்க்கின்றது. அதன்பின் அவ்வியல்பு மங்குகின்றது. எனவே இப்பயன் சேமித்து வைக்கத்தக்கதன்று. நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. நலமுள்ள இளைஞரைச் சில நாட்கள் படுக்கையிலேயே கிடக்கச் செய்தால் அவர்தம் உடல் சீனியைக் கையாளும் திறன் குன்றுகின்றது என்னும் ஆய்வு முடிவும் இதனை உறுதிப்படுத்துகின்றது.

5. கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும்

தசையின் வரலாற்றை இனி நமது நகரத்தில் வைத்து நோக்கலாம். கொட்டாஞ்சேனையும் அதனை அடுத்த கொச்சிக்கடை, புளூமெண்டால் பகுதிகளும் துறைமுகத்தின் நிழலில் வளர்ந்தவை. நவீன கொழும்புத் துறைமுகம் தசைகளின் மேல் எழுந்தது. கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றியோர், அரிசி மூடைகளையும் தேயிலைப் பெட்டிகளையும் தோளிற் சுமந்தோர், வள்ளங்களிலிருந்து பாரம் இறக்கியோர் எனப் பல்லாயிரவர் அங்கு உழைத்தனர். அவர்களுட் கணிசமானோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர். 1927 இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் நடந்த துறைமுக வேலைநிறுத்தம் இத்தசைகளின் கூட்டு வலிமையை நகரத்துக்கு உணர்த்திற்று. 1980களின் நடுப்பகுதியிற் கொள்கலன் இறங்குதுறை இயங்கத் தொடங்கியதும், பாரந்தூக்கிகள் தோள்களின் இடத்தைப் பெற்றன. புறக்கோட்டையின் தெருக்களில் இன்றும் மூடை சுமந்து கைவண்டி தள்ளும் நாட்டாமிகள் அப்பழைய உழைப்பு முறையின் எச்சங்களாவர்.

வெள்ளவத்தையின் கதை இருமடிப்புடையது. ஒரு மடிப்பு ஆலைத் தொழிலாளருடையது. வெள்ளவத்தை நூற்றல் நெசவு ஆலையில் 1933 இல் நடந்த வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்கத்தின் பிறப்போடு பிணைந்தது. மலையாளத் தொழிலாளர் பெரும்பான்மையாக நின்ற அப்போராட்டத்தில், கொல்வின் ஆர். டி சில்வா தொழிற்சங்கத் தலைவராக விளங்கினார். ஈராண்டுகளுக்குப் பின் 1935 திசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றிற்று. மற்றைய மடிப்பு யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் தேடி வந்த மத்தியதர வர்க்கத்தினருடையது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்னும் யாழ்ப்பாணத்துப் பழமொழி அவ்வர்க்கத்தின் கனவைச் சுருங்கக் கூறும். வடபுலத்துத் தோட்டங்களிலே துலா மிதித்து நீர் இறைத்தோரின் உழைப்பிலிருந்து படித்து எழுந்த பிள்ளைகள் கொழும்பில் எழுதுவினைஞராயினர். ஒரு தலைமுறைக்குள் உடலின் பெருந்தசைகள் செய்த வேலை விரல்களின் வேலையாயிற்று. ஊரிலும் 1950களுக்குப் பின் நீரிறைக்கும் இயந்திரங்கள் துலாவை அகற்றின. 1983 இன் பின்னர் போரும் இடப்பெயர்வும் மேலும் பலரை வெள்ளவத்தையின் தொடர்மாடிகளுக்குக் கொண்டுவந்தன. கிணறும் வளவும் உரலும் அற்ற வாழ்க்கை, குறிப்பாக முதியோர்க்கும் பெண்களுக்கும், நான்கு சுவர்களுள் அமைந்தது.

வெள்ளவத்தை ஆலை இருந்த நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி எனப்படும் உயர்மாடிக் குடியிருப்புத் தொகுதி நிற்கின்றது. ஒருகாலத்தில் தசையை விற்றுக் கூலி பெற்ற நகரத்தில், இன்று பணம் கொடுத்துத் தசைக்கு வேலை தேடும் உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகியுள்ளன. அக்கூடங்களில் நின்ற இடத்திலேயே நடக்க உதவும் பொறிக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. 1818 இல் ஆங்கிலப் பொறியியலாளர் வில்லியம் கியூபிற் சிறைக்கைதிகளைத் தண்டிப்பதற்கென வகுத்த மிதிசக்கரத்தின் வழிவந்ததே அது. உழைப்பு வாழ்க்கையிலிருந்து பிரிக்கப்பட்டு, பின் விலைப்பொருளாகத் திரும்பி வருவதன் ஒரு வடிவமாக இதனைக் கொள்ளலாம்.

2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வு, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டிற்று. நகரப்புறத்தில் இது 16.4, கிராமப்புறத்தில் 8.7. சென்னை நகரிலே 1989 இல் 8.3 ஆக இருந்த விகிதம் 2004 இல் 14.3 ஆக உயர்ந்தது. உணவு, மனவழுத்தம், ஆயுள் நீடிப்பு எனப் பல காரணிகள் இதிற் கலந்துள்ளன. ஆயினும் நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலான வேறுபாட்டில் உழைப்பு முறையின் மாற்றத்துக்கு இடமில்லை எனல் பொருந்தாது.

6. இரு தவறான முடிவுகள்

இவ்விடத்து எச்சரிக்கையுடன் நோக்கவேண்டிய இரு முடிவுகள் உள்ளன. முதலாவது, இது சோம்பலின் நோய், எனவே நோயாளியின் ஒழுக்கக் குறை என்பதாகும். 1907 இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் வெப்பமண்டல நீரிழிவு பற்றி நடந்த விவாதத்தில், கல்கத்தாவின் படித்த வங்காளிகளான எழுதுவினைஞரும் வழக்கறிஞரும் இந்நோய்க்குரியோராகச் சுட்டப்பட்டனர். அவர்களை எழுதுமேசையில் அமர்த்தியது ஏகாதிபத்திய நிர்வாகமே என்பது அப்பார்வைக்குப் புறம்பாயிருந்தது. இன்றோ நோய் செல்வரின் எல்லையைக் கடந்துவிட்டது. 1978 இல் கட்டுநாயக்காவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயத்தின் தையற் பொறியில் நாள் முழுவதும் குனிந்திருக்கும் பெண்ணும், முச்சக்கர வண்டியை இரவுவரை ஓட்டுபவரும், வாசலிற் காவல் இருப்பவரும் களைப்படைகின்றனர். ஆனால் அவர்தம் பெருந்தசைகள் தொழிற்படவில்லை. களைப்பைத் தந்து அசைவைப் பறிக்கும் உழைப்பு, முதலாளித்துவத்தின் பிற்கால வடிவங்களுள் ஒன்றாகும். இவர்களைப் பார்த்துச் சோம்பேறிகள் என்பது கொடுமை.

இரண்டாவது முடிவு இதற்கு மறுதலையானது. பழைய உடலுழைப்பே நலவாழ்வு என்று போற்றுவது. மூடை சுமந்தவனின் முதுகெலும்பும் நிலக்கரித் தூசி புகுந்த நுரையீரலும் இப்போற்றுதலை மறுக்கும். உழைப்பு நோய் தீர்க்கும் என்ற உண்மை, கூலியைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்டுவோரின் வாதமாகிவிடக் கூடாது. போதிய உணவற்ற உழைப்புத் தசையை வளர்ப்பதில்லை, அரிக்கின்றது. அவ்வரிப்பு பிறப்புக்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. இந்தியாவின் புனே நகரப் பகுதியில் யாஜ்னிக் என்ற வைத்தியரும் உடனாய்வாளரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், அங்கு பிறக்கும் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட நிறை குறைந்தும் தசை மெலிந்தும் இருக்க, கொழுப்பு மாத்திரம் ஒப்பீட்டளவிற் குறையாதிருப்பது காட்டப்பட்டது. தலைமுறைகளாகத் தாய்மார் உண்ட அரைவயிற்று உணவு, பிள்ளையின் தசையிற் பதிந்து, அப்பிள்ளை நகரத்துக்கு வந்து அமர்ந்து வேலை செய்யும் காலத்தில் நோயாக வெளிப்படக் கூடும். நமது மலையகத் தோட்டங்களிற் குறைநிறைப் பிறப்பு நெடுங்காலப் பிரச்சினையாக இருந்து வந்துள்ளமையை இதனோடு சேர்த்து நோக்கவேண்டும்.

தமிழரின் புலம்பெயர்ந்த உழைப்பிலிருந்து இன்னொரு சான்றும் கிடைக்கின்றது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1879 முதல் 1916 வரை இந்தியர் பிஜித் தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பாரதியார் அத்தோட்டங்களிலே துயருற்ற பெண்களைப் பாடினார். உலகுக்குச் சீனி தந்த அக்கூலிகளின் பேரப்பிள்ளைகளிடையே 1980 இல் நடத்திய ஆய்விற் சீனி வருத்தம் மிகுந்து காணப்பட்டது. அவ்வாய்வின் தரவுகள் 1984 இல் மீண்டும் ஆராயப்பட்டபோது ஒரு முக்கியமான செய்தி வெளிப்பட்டது. பிஜி இந்திய ஆண்களிலும் மெலனீசிய ஆண்களிலும், அமர்ந்தோ இலேசாகவோ தொழில் செய்தோரிடை நோயின் விகிதம், மிதமாகவோ கடுமையாகவோ உடலுழைப்புச் செய்தோரிடை இருந்ததிலும் இரு மடங்குக்கு மேற்பட்டிருந்தது. இந்நோய் இந்தியக் குருதியில் எழுதப்பட்ட விதி என்ற இனவாதச் சாய்வுடைய விளக்கம் தன்னளவிற் போதியதன்று என்பதை இது புலப்படுத்துகின்றது. பரம்பரை இயல்பு உண்டு. ஆனால் அது எந்தச் சமூக நிலைமையிற் செயற்படுகின்றது என்பதே வினா. சென்னையில் இராமச்சந்திரனும் குழுவினரும் நோயின் விளிம்பில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வும் ஈண்டு நினைக்கத்தக்கது. நடையையும் உணவு ஒழுங்கையும் கைக்கொண்ட பிரிவினரில், நோய்க்கு ஆளாகும் நிலை ஒப்பீட்டளவில் நூற்றுக்கு 28.5 பங்கு குறைந்தது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படும். குருதிச் சீனியைச் சீர்செய்வதில் தசைக்குள்ள பங்கு பண்டைய வைத்தியத்தில் அனுபவமாக உணரப்பட்டது. கைத்தொழில் யுகத்தில் அளவீடாக நிறுவப்பட்டது. மருந்தின் வெற்றியிற் பின்தள்ளப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் கலத்தின் அளவில் மீண்டும் நிலைநாட்டப்பட்டது. இவ்வறிவு உறுதிப்பட்ட அதே காலத்தில்தான், கொழும்பு போன்ற நகரங்களில் உழைப்பு தசையைவிட்டு விலகியது. இம்முரண்பாட்டைத் தனிமனித ஒழுக்கத்தாலோ உடற்பயிற்சிக் கூடத்தின் கட்டணச் சீட்டாலோ தீர்த்துவிட முடியாது.

நடப்பதற்குரிய பாதையும், பிள்ளைகள் ஓடுவதற்குரிய திடலும், தொழிற்சாலையில் எழுந்து அசைவதற்குரிய இடைவேளையும், வேலை முடிந்தபின் எஞ்சும் நேரமும் மருந்துக்கு நிகரான பொதுநலத் தேவைகளாகும். எட்டு மணிநேர வேலைக்காக நடந்த போராட்டங்களின் தொடர்ச்சியாகவே இக்கோரிக்கைகளும் கொள்ளப்படல் வேண்டும். அத்துடன், இன்சுலினும் மாத்திரையும் வேண்டுவோர்க்கு அவை தடையின்றிக் கிடைத்தலும் அதே கோரிக்கையின் மறுபக்கமாகும்.

ஆய்வாளர்க்கும் இதிற் பணியுண்டு. தொழிற்சங்க வரலாற்றை எழுதுவோர் கூலியையும் வேலைநிறுத்தத்தையும் பதிவுசெய்த அளவுக்கு, அவ்வுழைப்பு உடலில் விட்டுச்சென்ற சுவடுகளைப் பதிவுசெய்யவில்லை. மருத்துவ வரலாற்றை எழுதுவோர் வைத்தியசாலைகளைக் கண்ட அளவுக்கு, நோயாளி எங்கிருந்து எத்தொழிலை விட்டு வந்தார் என்பதைக் காணவில்லை. துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்த தலைமுறையின் எஞ்சியோர் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இன்னும் வாழ்கின்றனர். அவர்தம் வாய்மொழிகளைத் தொகுத்து, அவர்தம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் தொழில்களோடும் உடல்நிலையோடும் ஒப்பிட்டு ஆராயும் பணி, தமிழியலும் மருத்துவமும் சமூகவியலும் ஒருங்கே மேற்கொள்ள வேண்டியதாகும். காலந்தாழ்த்தினால் அச்சான்றுகள் அவர்களோடு மறைந்துவிடும்.